காரணம் என்ற கட்டம்

ஏப்ரல் 4

முட்டைக்கண்ணிக்கு,

இப்படிக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா, தெரியவில்லை. "அன்புள்ள நாத்தனாருக்கு" என்று ஆரம்பித்துப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கிழித்துப் போட்டுவிட்டு மறுபடியும் எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் முதல் வரியை மட்டும் அடித்துவிட்டு மேலே படி.

உன் போன் நம்பர் என்னிடம் இல்லாமல் இல்லை. உன் அண்ணன் ஒரு சீட்டில் எழுதி மேஜைமேல் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி ஷூவுக்குப் பாலீஷ் போட உட்கார்ந்துவிட்டார். நான்தான் கூப்பிடவில்லை. போனில் பேசினால் முதல் நிமிஷத்திலேயே ஆளுக்கு ஒன்று சொல்லிவிடுவோம். நம் வாய் நமக்குத் தெரியாதா?

விஷயத்துக்கு வருகிறேன். நான் மறுபடியும் படிக்கப் போகிறேன். விட்ட இடத்திலிருந்து, அதே கண் பரிசோதனைப் படிப்பு, மூன்றாம் வருஷம். இந்த ஊர்க் கல்லூரியிலேயே சேரலாமாம். ஒரே பல்கலைக்கழகம் என்பதால், நாம் அங்கே சேர்ந்து படித்த இரண்டு வருஷத்தை இங்கே அப்படியே ஏற்றுக்கொள்வார்களாம். ஆனால் இரண்டாம் வருஷம் முடித்த தேதியிலிருந்து ஏழு வருஷத்துக்குள் உள்ளே வந்துவிடவேண்டும். ஜூன் பன்னிரண்டோடு எனக்கு ஏழு வருஷம் முடிகிறது. அதற்குள் இரண்டு வருஷ டிப்ளமோவின் அசலைக் கொண்டுபோய் நீட்டியாகவேண்டும். நகல் செல்லாது.

அசல் உன்னிடம் இருக்கிறது. நீ பதிவுத் தபாலில் அனுப்பியதை நான் உறையைக்கூடப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன். அன்றைக்கு அவ்வளவு ரோஷம் எனக்கு.

ஏன் இப்போது என்று கேட்பாய். நான் நாலு வருஷமாக ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். லென்ஸ் தேய்ப்பேன், பிரேமில் பொருத்துவேன், மூக்குத் தண்டு வளைந்திருந்தால் நிமிர்த்துவேன். ஆனால் கண்ணைச் சோதித்துப் பவர் எழுதிக் கையெழுத்துப் போட முடியாது. அதற்குப் பரிசோதகர் செவ்வாயும் வெள்ளியும் வருவார். போன மாதம் ஒரு சனிக்கிழமை பஸ் டிரைவர் ஒருத்தர் உடைந்த கண்ணாடியோடு வந்தார். பழைய லென்ஸைப் பார்த்தேன், அவர் எழுத்துப் பலகையைப் படித்த விதத்தையும் பார்த்தேன், பவர் ஏறியிருப்பது எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. "செவ்வாக்கிழமை வாங்க அண்ணே" என்றேன். "அதுவரைக்கும் பஸ்ஸை நான் எப்படிம்மா ஓட்டறது?" என்று கேட்டார். அன்று சாயந்தரமே கல்லூரிக் கவுண்டருக்குப் போய் நின்றேன்.

அந்த உறையைத் தூக்கிப் போட்டிருந்தாலும் உன்னைக் குறை சொல்லமாட்டேன். இருந்தால் அனுப்பு.

உன் பூனைக்கண்ணி

---

ஏப்ரல் 15

அண்ணி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. உறை என்னிடம் பத்திரமாக இருக்கிறது. இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்தத் தடவையாவது.

நீங்கள் அன்று ஆஸ்பத்திரியில் சொன்னதை நான் மறக்கவில்லை. குழந்தை பிறந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. மூன்றாம் வருஷத்துக்குப் பதிவு செய்யாதவர்கள் வெளியேறும் படிவம் கொடுக்க அன்றுதான் கடைசித் தேதி. நான் காலையிலிருந்து கல்லூரியில் வரிசையில் நின்று படிவத்தை வாங்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி ஓடிவந்தேன். "பச்ச உடம்புக்காரிய படிப்புலேர்ந்து கழுத்தப் புடிச்சுத் தள்ளற, நீயெல்லாம் ஒரு கூட்டாளியா?" என்று கேட்டீர்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த யாரோ ஒரு அம்மா திரும்பிப் படுத்துக்கொண்டார். சலைன் ஏறிக்கொண்டிருந்த கையாலேயே கையெழுத்தைக் கிறுக்கிப் பேனாவைத் தரையில் எறிந்தீர்கள். அந்தப் பேனா என்னுடையது.

படிப்பதற்கு வாழ்த்துகள். அண்ணனையும் அம்மாவையும் விசாரித்ததாகச் சொல்லவும். பாப்பாவுக்கு ஒரு கலர் பென்சில் டப்பா வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நாத்தனார்

---

ஏப்ரல் 27

அடியே முட்டைக்கண்ணி,

நீ "நீங்கள்" என்று எழுதியதை நான் மூன்று தடவை படித்தேன். ஊசியால் குத்துவதற்குப் பதில் மரியாதையால் குத்தியிருக்கிறாய். நியாயம்தான், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நான் இனிமேல் "நீ"தான்.

உறையைக் கடையில் வைத்துத்தான் பிரித்தேன். சான்றிதழ் மடிப்புக்கூட விழாமல் இருந்தது. அதற்குப் பின்னால் நான் கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகல் ஒன்றும் இருந்தது. அன்றைக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் பார்க்கவேயில்லை. கட்டங்களை எல்லாம் நீதான் உன் கோழிக்கிறுக்கலில் நிரப்பியிருந்தாய். "வெளியேறக் காரணம்" என்ற கட்டத்தில் நீ கல்யாணம் என்றோ பிரசவம் என்றோ எழுதியிருப்பாய் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்றுத்தான் படித்தேன்.

"காரணம்: திரும்பி வருவார்."

கடைக்காரர் பதறிப்போய் என்ன ஆச்சு என்று கேட்டார். கண்ணில் லென்ஸ் தூள் விழுந்துவிட்டது என்று சொன்னேன். என்னை மன்னித்துவிடு. ஏழு வருஷம் கழித்துக் கேட்பது எனக்கே வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன். மன்னித்துவிடு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த வேலை எனக்குக் கிடைத்ததே உன்னால்தான். சான்றிதழ் கையில் இல்லாமல்தான் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் பழைய மாணவர் எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினார். "ரெண்டு வருஷ டிப்ளமோ முடிச்சிருக்கீங்களே, அப்புறம் ஏன் தயங்கறீங்க?" என்றார். அந்த நிமிஷமே புரிந்துவிட்டது, என்னைத் தள்ளிவிட இல்லை, டிப்ளமோ வாங்கித் தரத்தான் அந்தப் படிவத்தோடு ஓடிவந்தாய் என்று. அன்றிலிருந்து நாலு வருஷமாக உனக்குச் சொல்லவேண்டிய நன்றி தொண்டையிலேயே நிற்கிறது. வீம்பு, வேறென்ன? நம் வகுப்பில் முன்பெஞ்சில் இருந்தாளே, மூக்குத்திக்காரி, அவளைப் போன வருஷம் பார்த்தேன். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாளாம். பெயரை அடித்துவிட்டார்கள், இனி ஒன்றும் கிடையாது என்று சொல்லிக்கொண்டு போனாள். உன்னை மாதிரி ஒருத்தி அவளுக்கு இல்லை. படிப்பை முடித்தது மட்டுமில்லாமல் அடுத்தவள் படிப்பையும் காப்பாற்றி வைத்தவள் நீ.

உன் அம்மா உன்னுடைய பட்டமளிப்புப் படத்தைக் கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறார். வாரம் ஒருமுறை துடைப்பவள் நான்தான். கோபமாக இருந்த காலத்திலும் துடைத்தேன். இப்போது கொஞ்சம் அழுத்தியே துடைக்கிறேன்.

ஒரே ஒரு உதவி. சேர்வதற்கு முன்னால் ஜூன் முதல் வாரத்தில் செய்முறைத் தேர்வு ஒன்று வைக்கிறார்களாம். உன் மூன்றாம் வருஷ நோட்டுகளை அனுப்பு. கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பவர் பார்க்கும் விளக்குக்கோலைப் பிடித்தே எனக்கு ஏழு வருஷம் ஆகிறது.

பூனைக்கண்ணி

---

மே 6

அண்ணி,

காரணம் என்ற கட்டத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எழுதியிருந்தாய். எனக்கு வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை, அவ்வளவுதான். கவுண்டரில் இருந்தவர் "இது காரணமாம்மா?" என்று கேட்டார். "எங்களுக்கு இதாங்க காரணம்" என்றேன். முத்திரை குத்திவிட்டார்.

மன்னிப்பெல்லாம் வேண்டாம். பேனாவைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

நோட்டுகள் இல்லை. வீடு மாறும்போது கரையான் அரித்துவிட்டது. பழைய விஷயங்கள் எனக்கும் மறந்து போய்விட்டன. கல்லூரி நூலகத்தில் நல்ல புத்தகங்கள் இருக்கும், கேட்டுப் பார்.

அந்தப் படத்தைத் தினமும் துடைக்கவேண்டிய அவசியம் இல்லை. முடிந்தால் வேறு எங்காவது மாட்டு. வெயில் படாத இடமாக.

மு.

---

மே 14

மு. என்பவருக்கு,

முழுப்பெயர் எழுத நேரமில்லையா?

உன் நோட்டைக் கரையான் தின்றுவிட்டதாம். யாரிடம் கதை விடுகிறாய்? ஒவ்வொரு நோட்டுக்கும் பிளாஸ்டிக் அட்டை போட்டு, ஓரத்தில் எண் எழுதி, அட்டைப்பெட்டிக்குள் அடுக்கி வைப்பவள் நீ. நான் கேட்டால்கூடக் கையைக் கழுவிவிட்டு வா என்பாய். கரையானையா கிட்டே விட்டிருப்பாய்?

வாரத்துக்கு ஒருமுறை துடைப்பதாக நான் எழுதினேன், நீ தினமும் என்று படித்திருக்கிறாய். அந்தப் படம் உன்னை என்ன செய்தது? பெரிய கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள், தினமும் ஐம்பது பேரைச் சோதிப்பவள் என்று உன் அம்மா வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அப்படிப்பட்டவளுக்குப் பாடம் மறந்து போகுமா?

எனக்குத் தரப் பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல்லிவிடு. அது தாங்கிக்கொள்ளக்கூடியது. பொய் சொல்லாதே. என் கண்ணைப் பார்த்து உன்னால் பொய் சொல்ல முடியாது என்பதால் கடிதத்தில் சொல்கிறாய்.

ஜூன் பன்னிரண்டுக்கு இன்னும் நாலு வாரம்தான் இருக்கிறது. பயமாக இருக்கிறதடி. விளையாட்டில்லை.

பூ.

---

மே 22

பூனைக்கண்ணி,

இதைப் படிக்கும்போது அம்மா பக்கத்தில் இருந்தால் உள் அறைக்குப் போய்ப் படி.

மூன்றாம் வருஷ நோட்டு என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அதில் பதினோரு பக்கம்தான் எழுதியிருக்கிறேன். நான் பட்டம் வாங்கவில்லை.

நீ போன பிறகு வகுப்பில் முப்பத்தோரு பேர் இருந்தோம். செய்முறை வகுப்பு எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியும். ஜோடி ஜோடியாக இருட்டறைக்குள் போகவேண்டும், ஒருத்தி உட்காரவேண்டும், ஒருத்தி பார்க்கவேண்டும். நான் மட்டும் தனியாக நின்றேன். பிளாஸ்டிக் மாதிரிக்கண் ஒன்றை என்னிடம் கொடுத்து, "இதை வச்சுப் பண்ணும்மா" என்றார்கள். அது இமைக்காது. கூசுது என்று சொல்லாது. "போதும்டி, கண்ணுல தண்ணி வருது" என்று உன்னைப் போலக் கத்தாது. இரண்டு மாதம் அதோடு மல்லுக்கட்டினேன். கண்ணை மூடினால் நீ பேனாவை எறிந்தது ஞாபகம் வரும். உன்னைத் தள்ளிவிட்டுவிட்டு நான் மட்டும் படிக்கிறேனே என்று நினைப்பு. ஒருநாள் பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பி வந்தேன். அடுத்த நாள் பஸ் ஸ்டாப்புக்கும் போகவில்லை.

உனக்கு ஓடி ஓடிப் படிவம் வாங்கியவள் எனக்கு வாங்கவில்லை. கவுண்டரில் போய், நானும் போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மூக்குத்திக்காரிக்கு நடந்ததேதான் எனக்கும். நீ அவளைப் பற்றி எழுதி, அடுத்த வரியில் என்னைப் புகழ்ந்திருந்தாய். நாலு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

படத்தில் நான் போட்டிருக்கும் அங்கி ஸ்டுடியோக்காரருடையது. எல்லாரும் எப்போது எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள், ஒருநாள் போய் எடுத்துக்கொண்டேன். கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பது உண்மை. முன்மேஜையில் டோக்கன் கொடுக்கிறேன். "இடது பக்கம், மூணாவது ரூம்" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறேன். கண் சோதிக்கும் அந்த மூன்றாவது ரூமுக்குள் நான் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை.

உன் முதல் கடிதம் வந்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு அடுத்த நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் பலித்திருக்கிறது.

நோட்டு கேட்டாயே, இதுதான் என்னிடம் இருக்கும் நோட்டு. அனுப்பியிருக்கிறேன். பதினோரு பக்கம். நீ போய்ப் படி. நன்றாகப் படி.

முட்டைக்கண்ணி

---

மே 30

என் முட்டைக்கண்ணிக்கு,

உள் அறையில்தான் படித்தேன். படித்துவிட்டு உன்மேல் பயங்கரமாகக் கோபப்பட்டேன். அப்புறம் என்மேல் பட்டேன். நீ அந்த இருட்டறையில் தனியாக நின்றதற்குக் காரணம் நான்தான். நான் ஒரு பேனாவை எறிந்தேன், நீ ஒரு வருஷத்தையே எறிந்திருக்கிறாய். போகட்டும். அழுது முடித்தாயிற்று, இனி வேலையைப் பார்ப்போம்.

மறுநாள் காலை கடைக்குப் போகாமல் கல்லூரிக் கவுண்டருக்குப் போனேன். அங்கே இருக்கும் அம்மா என்னைப் பார்த்தாலே, "மறுபடியுமா?" என்பார். ஒன்பது கேள்வி கேட்டேன். ஒன்பதாவதுக்குத்தான் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லாம நின்னவங்க பேரை லிஸ்ட்லேர்ந்து அடிச்சுடுவோம், அது வாஸ்தவம். ஆனா அவங்க பாஸ் பண்ணின பாடத்த யாராலயும் அடிக்க முடியாதும்மா. ரெண்டு வருஷம் பாஸ் பண்ணியிருந்தா அந்த கிரெடிட் ஏழு வருஷத்துக்கு அவங்க பேர்லயேதான் கிடக்கும். வந்து கேட்டாத்தானே கொடுக்க முடியும்? யாரும் வந்து கேக்கறதில்ல."

உன் மாணவர் எண்ணைச் சொன்னேன். எப்படித் தெரியும் என்று யோசிக்கிறாயா? என் எண்ணுக்கு அடுத்த எண்தானே உன்னுடையது. தட்டினார். திரையை என் பக்கம் திருப்பினார். இரண்டு வருஷப் பாடங்களும் வரிசையாக இருந்தன, ஒன்றுகூடக் குறையவில்லை. மூக்குத்திக்காரிக்கும் இருக்கும், அவள் விலாசத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். நாம் இரண்டு பேரும் இரண்டாம் வருஷத்தை ஒரே நாளில்தான் முடித்தோம். அதனால் உனக்கும் கடைசித் தேதி ஜூன் பன்னிரண்டுதான். டிப்ளமோவும் மறுசேர்க்கையும் ஒரே விண்ணப்பத்தில் கேட்கலாமாம். ஆனால் நீ நேரில் வரவேண்டும். வேறு யாரும் உனக்காகக் கையெழுத்துப் போட முடியாது.

படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கட்டங்களை எல்லாம் நானே நிரப்பிவிட்டேன். என் கையெழுத்து உன்னுடையதைவிட நன்றாகத்தான் இருக்கிறது. "திரும்பி வரக் காரணம்" என்ற ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். அதை நீ எழுதவேண்டும்.

உடனே ஆயிரம் "ஆனால்" சொல்வாய், தெரியும். மாடி அறை காலியாக இருக்கிறது, உன் அண்ணன் விசிறியை மாட்டிவிட்டார். கடையில் சாயந்தரத்துக்கு ஒரு ஆள் வேண்டுமாம், நான் பேசிவிட்டேன். உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவ வந்தா ஏறணுமே, மாடிப்படி விளக்கு ஃப்யூஸ் போயிருக்கே, மாத்தணும்" என்று எழுந்து போனார். உன் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அது நீ சொல்லவேண்டியது.

செய்முறைத் தேர்வு ஜூன் பதினான்குக்குத் தள்ளிப் போயிருக்கிறது; பன்னிரண்டுக்குள் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டால் போதுமாம். கவுண்டர் அம்மா என்னிடம் கடைசியாகக் கேட்டது இது: "ஜோடி யாராச்சும் இருக்காங்களா? இல்லேன்னா மாதிரிக்கண்தான்."

இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். உன் இடது கண் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மைனஸ் ஒன்றேகால். இப்போது ஏறியிருக்கும், அதனால்தான் வாரம் ஒருமுறை என்பதைத் தினமும் என்று படிக்கிறாய். வா, பார்த்துவிடலாம்.

பூனைக்கண்ணி

---

ஜூன் 7

பூனைக்கண்ணிக்கு,

பத்தாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். மூன்று பெட்டிகள் இருக்கின்றன, அண்ணனை ஸ்டேஷனுக்கு அனுப்பு. கலர் பென்சில் டப்பாவும் வருகிறது.

நேற்று மேலாளரிடம் வேலையை விடுகிறேன் என்று சொன்னேன். என்ன காரணம் என்று கேட்டார். "படிக்கப் போறேங்க" என்றேன். வெளியே வரும்போது மூன்றாவது ரூமின் கதவைத் திறந்து ஒரு நிமிஷம் உள்ளே பார்த்துவிட்டு வந்தேன். ஸ்டூல், விளக்கு, எழுத்துப் பலகை, எல்லாம் நம் வகுப்பில் இருந்தவைதான்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். அங்கி ஸ்டுடியோக்காரருடையது என்பதுவரை ஒன்றுவிடாமல் சொன்னேன். நான் அழுதுவிட்டேன். அப்புறம் அம்மா சொன்னார்: "அதானே பார்த்தேன், அந்த அங்கி உனக்குத் தோள்லயே நிக்கல. வாடகை அங்கின்னு அன்னிக்கே தெரியும்டி. நீயா சொல்லுவேன்னு இருந்தேன்." படத்தைக் கழற்றிவிடச் சொன்னேன். "அது கிடக்கட்டும். அடுத்த வருஷம் ரெண்டு பேரும் சேர்ந்து ஒண்ணு எடுத்துட்டு வாங்க, அதை நடுவுல மாட்டிக்கறேன்" என்றார்.

உனக்கு நன்றி என்று எழுதிப் பார்த்தேன். "அன்புள்ள நாத்தனாருக்கு" என்று எழுதி நீ சிரித்த மாதிரிதான் எனக்கும் ஆயிற்று. நாலு வருஷம் நீ தொண்டையில் வைத்திருந்ததை என்னால் நாலு நாள்கூட வைத்திருக்க முடியவில்லை. அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கவுண்டருக்குப் போய் ஒன்பது கேள்வி கேட்டாயே, அதற்கு நான் என்றைக்கும் உன்னிடம் கடமைப்பட்டவள்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நேரில் கொண்டுவருகிறேன். காலியாக விட்டிருந்த கட்டத்தையும் நிரப்பிவிட்டேன். கவுண்டர் அம்மா இதெல்லாம் ஒரு காரணமா என்று கேட்டால், எங்களுக்கு இதுதான் காரணம் என்று நீதான் சொல்லவேண்டும்.

"காரணம்: என் ஜோடி திரும்பி வந்துவிட்டாள்."

முட்டைக்கண்ணி